காலி ஸ்ட்ரெச்சர்

வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது சார். எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்ட்ரெச்சர் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. "வீட்டுல ஒரு நாளாவது போர்வைய மடிச்சிருக்கீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான்.

முதலில் நான் வெறும் டிரைவர். கூப்பிட்ட இடத்துக்குப் போவேன், ஏற்றுவேன், ஆஸ்பத்திரியில் இறக்குவேன். பிறகு ஆள் பற்றாக்குறை வந்தது. டிரைவர்களுக்கே பாடம் நடத்தி, நாடி பார்க்கவும் ஊசி போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி நாளன்று மேலாளர் என் கையைக் குலுக்கி, "யாரக் கூட்டிட்டு வரணும், யார வீட்டுலயே விடலாம்னு இனிமே நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். பதவி உயர்ந்தது. சம்பளத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் நிலவரம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உள்ளே கட்டில் காலியாகும்வரை நோயாளி எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார். ஸ்ட்ரெச்சர் இல்லாமல் வண்டி அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. அப்படித்தான் ஒரு மதியம், பேச்சு மூச்சில்லாத ஒரு பெரியவரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அப்போது வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதாம். "போக முடியாது, ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கிச்சு" என்று சொன்னது நான்தான். வேறு வண்டி போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. பெரியவருக்குச் சாயங்காலம் கட்டில் கிடைத்தது. மறுநாள் அவரும் இல்லை.

அன்றைக்கு நான் அழுதேன். வண்டிக்குள் உட்கார்ந்து, விரிப்பை மாற்றிக்கொண்டே அழுதேன். பிறகு யோசித்தேன்.

ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழி ரொம்ப எளிது. வீட்டுக்குள் போகும்போது ஸ்ட்ரெச்சரை இறக்கக் கூடாது. அது உள்ளே வந்தால்தான் வீட்டார் பதறுவார்கள், பையில் துணியைத் திணிப்பார்கள், செருப்பைத் தேடுவார்கள். வெறும் கையோடு போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டால் போதும். "ஒண்ணுமில்லம்மா, வாயுதான். வெந்நீர் குடிச்சிட்டுப் படுக்கட்டும்" என்றால் அவர்களுக்கே உயிர் வந்துவிடும். வயதானவர்களிடம்தான் ஆரம்பித்தேன். போகப் போக வயது அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை.

ஆள் போன பிறகும் யாரும் என்னைத் திட்டியதில்லை. மறுபடியும் கூப்பிட்டிருக்கலாமே என்று தங்களைத்தான் திட்டிக்கொண்டார்கள். வாசலில் காத்துக் கிடக்காத ஒரே வண்டி என்னுடையது என்று மேலாளர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார்.

என்னோடு வந்த உதவியாளர் பெண் அப்போதுதான் வேலையில் சேர்ந்தவள். நல்ல பெண், ஆனால் தொணதொணப்பு. "அண்ணா, அவர் உதடு நீலமா இருக்கு" என்பாள். "முடிவு பண்றது நீயா, நானா?" என்பேன். உங்களிடம் வந்து சொன்னது அவள்தான் என்று தெரியும். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

கடைசியாக அந்தத் தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப் தொங்க, மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தாடை வலிக்கிறது, இடது கை மரத்துப்போகிறது என்றார். முகமெல்லாம் வியர்வை. மாரடைப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். பாடம் நன்றாகத்தான் நடத்தியிருந்தார்கள்.

"நாள் பூரா குனிஞ்சே தைக்கிறீங்கல்ல, அதான்" என்றேன்.

அந்த அம்மா, பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, வீணா இவங்களையும் அலைய விட்டுட்டீங்க."

தெருமுனையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். வேறு அழைப்பு எதுவும் வரவில்லை. சற்று நேரத்தில் அந்தக் கணவர் செருப்பில்லாமல் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். "விழுந்துட்டா சார், ஸ்ட்ரெச்சர எடுங்க சார்!" உதவியாளர் பெண் இறங்கப் போனாள். நான் கதவைப் பூட்டினேன். ஸ்ட்ரெச்சர் காலியாகத்தானே இருக்கிறது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அது காலியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆமாம், அந்த அம்மாவைச் சாகவிட்டது நான்தான். மற்றவர்களையும் நான்தான். எத்தனை பேர் என்று எண்ணவில்லை. நீங்கள் சொல்கிற எண் சரியாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். என் வண்டியை இப்போது யார் எடுக்கிறார்களோ, அவர்களிடம் சொல்லிவையுங்கள். ஸ்ட்ரெச்சரில் யாரையும் ஏற்ற வேண்டாம். அந்தக் குழந்தை வீட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள்.