நான்கு கம்பளிகள்

வண்டிகள் ஏறுகின்றன. காலையிலிருந்து கண்டிக்குப் போகும் கடுகண்ணாவைக் கணவாயில் வண்டிகள்தான். மாடு இரைக்கும் சத்தம். சக்கரம் கல்லில் ஏறி விழும் சத்தம். கூண்டுக்குள் யாருக்கோ பல் அடித்துக்கொள்ளும் சத்தம். கீழ் ஊர்களிலிருந்து சனம் காய்ச்சலுக்குப் பயந்து மேலே ஓடி வருகிறது. காய்ச்சலும் அதே வண்டியில்தான் வருகிறது.

"நிப்பாட்ட வேணாம்! ஓட்டுங்க! கிட்டப் போகாதீங்க, காய்ச்சல் வண்டி!"

கத்துவது எதிர்க் கடைக்காரர். யாருக்குச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது.

1934 கடைசி. புதன்கிழமை. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஆறு வற்றிக் குட்டை குட்டையாகக் கிடந்தது. கொசு பெருகி மலேரியாக் காய்ச்சல் பரவியது. நான் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கதவுப் பலகை ஏழில் ஐந்தைப் போட்டாயிற்று. ஆறாவது கையில் இருந்தது. அப்போது பார்வதி வந்தாள்.

அவள் யார் என்பதைச் சொல்ல இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

தேயிலை விலை விழுந்த நேரம். மேல் தோட்டத்தில் பேர் வெட்டினார்கள். வேலை போனவர்களை இந்தியாவுக்கு ரயில் ஏற்றினார்கள். கையில் தூக்க முடிந்ததைத்தான் கொண்டுபோகலாம். மிச்சத்தை எங்கே வைப்பது? என் கடைக்குப் பின்னால் மிளகும் பாக்கும் போடும் அறை ஒன்று. யாவாரம் படுத்துவிட்டதால் சும்மா கிடந்தது. வேலை போனவர்களில் ஒருத்தி மீனாட்சி, ஒரு மூட்டையோடு வந்து நின்றாள். தோட்டத்துச் சனம் என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடும்.

"நானா, நாங்க திரும்பி வருவோம். அதுவரைக்கும் இது ஒங்க கையில இருக்கட்டும்."

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பித்தளை அண்டா ஒன்று. செம்பு இரண்டு. குத்துவிளக்கு ஒன்று. கம்பளி நான்கு. எழுதிய தாளை மூட்டைக்குள்ளேயே வைத்துக் கட்டினாள். பிறகு அவளைப் பார்த்து இன்னும் பத்துக் குடும்பம் வந்தது. அறை நிறைந்தது.

முஸ்லிம்களான எங்களில் இதற்கு அமானிதம் என்று பெயர். நம்பி ஒப்படைத்த பொருள். முடிச்சை அவிழ்க்கக் கூடாது. எடுத்துப் பாவிக்கக் கூடாது. கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். வாப்பா எனக்குச் சொல்லித் தந்தது இது. நான் ஒரு படி மேலே போனேன். மாதம் ஒருமுறை மூட்டைகளை வெயிலில் வைத்தேன். எலிக்கு மருந்து வைத்தேன். கண்டியிலிருந்து சம்பந்தி வந்தால் அறையைத் திறந்து காட்டினேன். பாருங்கள், ஒரு முடிச்சுக்கூட நெகிழவில்லை என்றேன். எனக்குத் தலைக்கனம். இன்றைக்குச் சொல்லக் கூசுகிறது.

பார்வதி, மீனாட்சியின் சொந்தத் தங்கை. பேர் வெட்டில் தப்பித் தோட்டத்திலேயே தங்கியவள். அந்தப் புதன்கிழமை அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. இரண்டு பேரும் நடுங்குகிறார்கள். அவள் என் பலகையைப் பிடித்துக்கொள்கிறாள். பலகையும் நடுங்குகிறது.

"நானா, அக்கா மூட்டையில கம்பளி இருக்கு. ஒன்னே ஒன்னு தாங்க. எனக்கு வேணாம், புள்ளைக்கி. குளிர் விட்டதும் கொண்டாந்து தாறேன்."

நான் சொன்னேன். நிதானமாகச் சொன்னேன். அது உன் அக்கா கொடுத்தது. அவள் கையில்தான் கொடுப்பேன். அவளிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வா.

இந்தியாவிலிருந்து கடிதம். அந்த நடுக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. அது சரிதான் என்பதுபோலத் தலையாட்டினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பாக்குச் சாக்கு ஒன்றை உதறிக் கொடுத்தேன். வாங்கிப் பிள்ளையைச் சுற்றினாள். மேட்டுப் பாதையில் ஏறினாள். நான் ஆறாவது பலகையைப் போட்டேன். ஏழாவதையும் போட்டேன்.

வீட்டுக்குப் போனேன். கட்டிலில் என் கம்பளி மடித்துக் கிடந்தது. என் சொந்தக் கம்பளி. அதைக் கொடுத்திருக்கலாம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை. மீனாட்சியின் நான்கு கம்பளியைக் காவல் காப்பதிலேயே புத்தி முழுக்க நின்றது. மனைவியிடம் சொன்னேன். அவள் கம்பளியை எடுத்து என் கையில் திணித்தாள்.

"ஓடுங்க! இதக் கொண்டுபோய்க் குடுங்க! இப்பவே ஓடுங்க!"

நான் ஓடவில்லை. தோட்டம் மூன்று கட்டை மேலே, மூன்று மைல் ஏற்றம். அவள் இருந்தது காய்ச்சல் கண்ட லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். காலையில் பார்ப்போம் என்றேன். காலையில் பின்னேரம் என்றேன். பயந்துவிட்டேன். அதற்கு வேறு பெயர் இல்லை.

சனிக்கிழமை லயத்திலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். கையில் என் சாக்கு. துவைத்துக் காய வைத்து நான்காக மடித்திருந்தாள்.

"பார்வதி குடுக்கச் சொல்லிருச்சு. வாங்குனத திருப்பிக் குடுத்துறணுமாம்."

சாக்கை வாங்கினேன். அவளே சொன்னாள். பிள்ளை வியாழன். தாய் வெள்ளி.

1936இல் தோட்டத்தில் மறுபடி ஆள் எடுத்தார்கள். மீனாட்சி வந்தாள். தங்கை போன செய்தி கடிதத்தில் கிடைத்திருந்தது. காய்ச்சலில் போனாள் என்பது மட்டும் தெரியும். கடை வாசலில் மூட்டையை அவிழ்த்தாள். தாளை நான் வாசித்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அண்டா. செம்பு. விளக்கு. கம்பளியைத் தட்டி எண்ணினாள். நாலும் இருந்தன. பூச்சி அரித்த ஓட்டை ஒன்றுகூட இல்லை.

"தங்கமான மனுசன் நானா நீங்க. ஊரெல்லாம் சாவு விழுந்தப்பவும் என் சாமான ஒருத்தரத் தொட விடல."

பிறகு மேலே இருந்த கம்பளியை எடுத்து என் கையில் வைத்தாள். எங்கள் ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் வாயைத் திறந்தேன். பார்வதி வந்தாள் என்று சொல்லத்தான் திறந்தேன். சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன். அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறிப் போனாள்.

அந்தக் கம்பளி இன்னும் அந்த அறையில் இருக்கிறது. ஒரு நாளும் போர்த்தவில்லை. மீனாட்சி இதை வாசிக்கமாட்டாள், அவளுக்கு எழுத்துத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டட்டும்.

கணக்கு இதுதான். என்னிடம் ஒப்படைத்த மூட்டை பதினொன்று. திருப்பிக் கொடுத்தது பதினொன்று. பொருளில் இழப்பு ஒன்றுமில்லை. ஆளில் இரண்டு. பார்வதி. அவள் பிள்ளை. பெண் பிள்ளை என்று பிறகு தெரிந்தது. பெயரை நான் கேட்டு வைக்கவில்லை.