படிகத்தின் மேல் பரவிய ஈயம்

சாமந்தி மாலை எனக்கு ஒத்துக்கொள்ளாது. பட்ட இடமெல்லாம் அரிக்கும். ஆனாலும் புக்கிட் பெலண்டோக் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கமிட்டியார் அன்போடு போட்டதை மறுக்க முடியவில்லை. என் அப்பப்பா அங்கே தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சீவரத்தினம் கிராணி வீட்டு ஆள் என்றால் இன்னும் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள்.

விசாரணைக் குழுவில் இருப்பவர்கள் சட்டம் படித்தவர்கள், அதனால் எளிமையாகவே சொல்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் வளர்த்தது இடத்தியல் பொருள் எனப்படும் ஒருவகைப் படிகம். உள்ளே மின்சாரம் ஓடாது, மேல்தோலில் மட்டும் ஓடும். கடுங்குளிரில் அந்தத் தோல் மீக்கடத்தியாகி, மின்தடையே இல்லாமல் போய்விட்டது என்று உலகத்துக்கு அறிவித்தேன். துணைவேந்தர் என்னைக் கட்டிக்கொண்டார்.

பிறகு என் மாணவி ஷாமினி வந்து நின்றாள். அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா குணாளன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார்.

"சார், தடை போனது கிறிஸ்டல்ல இல்ல. கம்பி ஒட்டுன ஈயம் மேலாக்கப் பரவிக் கெடக்கு. அந்தக் குளிர்ல ஈயமே சூப்பர்கண்டக்டர்தானே. ஈயத்துக்குப் பதிலா சில்வர் பேஸ்ட் வச்சு மறுபடி அளந்தேன், ஒன்னும் வரல. நம்மளே முந்திக்கிட்டுச் சொல்லிடலாம் லா, சார்."

முதலாண்டு மாணவன் செய்தாலும் சிரிக்கக்கூடிய தவறு. ஈயம் வைத்ததோ என் கை. சொல்லியிருந்தால் என் பிழைப்பு சந்தி சிரித்திருக்கும். கோயில் திருவிழா முடியட்டும் என்றேன்.

திருவிழாவில் எங்கள் இருவருக்கும் பாராட்டு வைத்திருந்தார்கள். கம்பி ஒட்டியது முதல் அளந்தது வரை எல்லாம் உங்கள் ஷாமினியின் கைதான், நான் வழிகாட்டி மட்டும் என்று மைக்கில் சொன்னேன். குணாளன் அழுதுவிட்டார். ஷாமினி மைக்கை நோக்கி நகர்ந்தாள். நான் பொன்னாடையை விரித்து அவள் தோளில் போட்டேன்.

"சார் கால்ல விழுந்து கும்புடும்மா" என்றார் முன்வரிசையில் இருந்த அவள் அம்மா தனலெட்சுமி.

பொன்னாடை போட்ட ஆசிரியரின் காலில் விழாமல் அந்த மேடையை விட்டு யாரும் இறங்குவதில்லை. விழுந்தாள். ஊரே படம் எடுத்தது. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

திங்கட்கிழமை, மாணவி ஒருத்தி ஈயத்தைப் பரப்பி என்னை ஏமாற்றிவிட்டாள் என்று நானே பல்கலைக்கழகத்திடம் சொன்னேன். அவள் மறுத்தாள். மேடையில் வணங்கி ஏற்றுக்கொண்டதை ஊரே பார்த்திருக்கிறதே என்றார்கள். அவளை நீக்கினார்கள், என் நேர்மையைப் பாராட்டினார்கள். குணாளன் இப்போது கோயில் பக்கமே வருவதில்லையாம். எனக்கும் வருத்தம்தான்.

ஆக, ஈயம் வைத்தது நான். பழி போட்டது நான். அதற்காகவே பொன்னாடையை வாங்கிக்கொண்டு போனதும் நான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவள் என்மேல் வெறுப்பாக இருப்பதாகக் குழு நினைப்பது சரியல்ல. லுக்குட் பட்டணத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில்தான் அவளுக்கு வேலை. போன வாரம் என்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சரிசெய்து மேசைமேல் தள்ளினாள். காசு வாங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவுமில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளில் ஆசிரியரிடம் இவ்வளவு மரியாதையை நான் கண்டதில்லை.