மெஷின் நின்ற இடத்தில் கட்டில்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். பஸ் இன்னும் கிளம்பவில்லை. முன் சீட்டுப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "மெஷினை வித்ததுலேருந்து நான் வீட்டுல பொய் சொல்லத் தொடங்கிட்டேன், கேட்டியா."

"எந்த மெஷின் அண்ணாச்சி? மரம் இழைக்குறதா?"

"இழைக்குறது, அறுக்குறது, ரெண்டும்தான். வீட்டுக்காரிக்கு ஒரு கையும் காலும் விழுந்து போச்சுல்லா? இனி மாடி ஏற முடியாது. கீழ எனக்க வேலை ரூமை விட்டா வேற ரூம் இல்ல. அவ ஆஸ்பத்திரிலேருந்து வாறதுக்குள்ள எல்லாத்தையும் வித்து, வெள்ளையடிச்சு, கட்டில் போட்டேன்."

"நல்லதுதானே. மைனிக்கு அந்தச் சத்தமே ஆகாதே."

"ஆமா, அதுக்கு எத்தனை சண்டை! இப்ப அந்த ரூமுலதான் கிடக்கோம்னு அவளுக்குத் தெரியல. கண்ணு முழிச்சதும், 'மெஷின் சத்தத்தைக் காணல, இன்னைக்கு வேலை இல்லியா?'ன்னு கேக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கரண்ட் இல்லைன்னு சொன்னேன்."

பெரியவர் ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டினார்.

"தலைக்கு மேல ஃபேன் சுத்திட்டு இருக்கு. அதையே பாத்துட்டுக் கிடந்தா. பெறவு, 'செரி, கரண்ட் வந்ததும் தொடங்குங்க'ன்னு சொன்னா."