துவோர் எழுதாத கடிதம்

எனக்குப் படங்களைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. டோர்ட்மண்டில் ஒரு சின்னப் பட்டறையில் இருபத்திரண்டு வருடங்களாகப் பழைய புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டுகிறேன். இந்த நாட்டு டொச் மொழி பேசுவேன், ஆனால் நீளமான விஷயத்தைத் தமிழில்தான் ஒழுங்காக எழுத வரும். மதிப்புக்குரிய லாரா, விசாரணையை நடத்தியவர் நீங்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகம் ஆளைப் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.

என் மனைவி பிறேமா ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து வந்தவள். முதியோர் இல்லத்தில் அரைநாள் வேலை பார்த்துக்கொண்டே, நாற்பத்தொரு வயதில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு தொடங்கினாள். அவள் தெரிந்தெடுத்த ஆள் அன்செல்ம் துவோர் என்ற பிரெஞ்சு ஓவியர். ஏழு வருடம் எங்கள் சாப்பாட்டு மேசையில் அவரும் இருந்தார்.

துவோர் பாண் சுட்டு விற்ற ஒருவரின் மகன். ஓவியம் படிக்க ரோமுக்கு அனுப்பும் அரச பரிசுக்கு நான்கு தடவை போட்டியிட்டு, மற்றவர்கள் களைத்துப்போன வருடத்தில் வென்றார். ஐந்து வருடம் ரோமில் இருந்து, உடைந்த சிலைகளுக்கு மூக்கு வரையப் பழகினார். பாரிசுக்குத் திரும்பியபின் ஆற்றில் குளிக்கும் தேவதைகளை வரைந்தார். முப்பது வருடமாக அதே தேவதைகள். ஒருத்தியின் காலிலும் சேறு ஒட்டியதில்லை. பதக்கம், அமைச்சரின் மகளோடு கல்யாணம், கண்காட்சித் தெரிவுக்குழுவில் கதிரை என்று எல்லாம் கிடைத்தன. அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, புதிதாக எதையாவது வரைந்து வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். 1884இல் வயிறுமுட்ட வாத்து இறைச்சி சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போனார். பத்து வருடத்துக்குள் தேவதைகளை நிலவறைக்கு இறக்கிவிட்டார்கள்.

இந்த மனிதர் உள்ளுக்குள் நல்லவர் என்று நிறுவுவதுதான் பிறேமாவின் ஆய்வு. தான் நிராகரித்த ஓர் ஓவியரிடம் அவர் இரகசியமாக மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று நம்பினாள். ஆதாரம்தான் இல்லை. ஒரு கடிதம் கிடைத்தால் காணும் என்று, சோறு போடும்போதும் சொல்லுவாள்.

ஜெர்மனிக்கு வர முன்னர் நான் ஆறு வருடம் பாரிசில் இருந்தவன். பிரெஞ்சு எழுதுவேன். பட்டறையில் பழைய வெற்றுத்தாள் கிடக்கும். மை காய்ச்சத் தெரியும். துவோரின் கையெழுத்து எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க நகலாக ஒட்டியிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், அவள் பூசைக்குப் போன நேரத்தில், துவோரின் மன்னிப்புக் கடிதத்தை எழுதி முடித்தேன். 1869 என்று திகதி போட்டேன். தையல் விட்டுப்போன ஒரு பழைய ஏலப் பட்டியலை அவளே என்னிடம் தைக்கத் தந்திருந்தாள். கடிதத்தை அதன் பின்னட்டைக்குள் செருகிக் கொடுத்தேன்.

நான்கு நாளில் கண்டுபிடித்தாள். “இஞ்சேருங்கோ, மனுசன் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்” என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். மனைவிக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பது கணவனின் கடமை. அதைத்தான் செய்தேன்.

அவளுடைய ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் அல்பேர்ட் அதை இரண்டு நிபுணர்களிடம் காட்டினார். கையெழுத்தில் சந்தேகமே இல்லை என்றார்கள். பட்டம் கிடைத்தது. பிறகு ஹம்பேர்க்கில் ஓர் அருங்காட்சியகம் அவளை வேலைக்கு அழைத்தது.

“நீங்களும் வாங்கோவன்” என்றாள்.

பட்டறையை என்ன செய்கிறது என்று கேட்டேன்.

“அங்கையும் புத்தகம் கிழியும்தானே” என்று சிரித்தாள்.

மரியாதைக்குக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. எனக்கும் சேர்த்து வீடு பார்த்ததும் மரியாதைக்குத்தான்.

பத்து நாள் கழித்து உங்களுக்குப் பெயரில்லாமல் வந்த கடிதம் என்னுடையது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் என்று மட்டும் எழுதியிருந்தேன். அதுவரை ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தாளுக்குள் தெரிந்த காகித ஆலைச் சின்னம் 1891இல் வந்தது. துவோர் செத்து ஏழு வருடத்துக்குப் பிறகு. அந்தத் தாளை நான் கைதவறி எடுக்கவில்லை. 1860களின் தாளும் ஒரு கட்டு இருந்தது. பார்த்துத்தான் மற்றதை எடுத்தேன். வீட்டுப் பூட்டுக்கு இன்னொரு திறப்பு வைத்திருப்பதில்லையா, அதுபோல.

பட்டத்தைத் திரும்ப எடுத்தீர்கள். ஹம்பேர்க் கைவிட்டது. கோவிலில் சனம் அவளைப் பார்த்துக் கதையை நிறுத்தியது. உங்கள் முடிவு வந்த அன்று குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பிறேமா சொன்னாள்: “எல்லாரும் நான்தான் எழுதினனான் எண்டு சொல்லுகினம். நீங்கள் ஒராள்தான் என்னை நம்புறியள்.”

“ஓம்” என்றேன்.

இப்போது அவள் வெளியே போவதில்லை. தொலைபேசியை நான்தான் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் தலை முழுக வார்த்துவிடுகிறேன். சுவரிலிருந்த தாள்களையெல்லாம் உரித்து, பூச்சும் அடித்துவிட்டேன். முன்பைவிட என்னோடு நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

இதையெல்லாம் எழுதவேண்டிய தேவை வந்திருக்காது. ஆனால் உங்கள் இறுதி அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில், அந்தக் கடிதம் ‘பயிற்சியில்லாத ஒருவரின் அவசர வேலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமில்லை. துவோர் களைத்தால் வரிகள் இடப்பக்கம் சரியும். கடைசிப் பந்தியில் அதைக்கூடக் கொண்டுவந்திருக்கிறேன். அந்த வரியைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திருத்திய பிரதியைப் பட்டறை முகவரிக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வேண்டாம். பிறேமா இப்போதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறாள். அதைக் கெடுக்க உங்களுக்கும் மனம் வராது.