ஓலை நோட்டு

இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்ததால், எங்கள் பஸ் உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. முன்சீட்டில் இரண்டு பெண்கள். அரைமணி நேரத்தில் ஊர், தொழில் எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். சிலுவைச் சங்கிலி போட்டவர் காதல் நாவல் எழுதுகிறவர். மற்றவர் நைனார்பாளையத்தில் விவசாயம் பார்க்கிறவர். நான் கண்ணைத்தான் மூடியிருந்தேன்.

“கதை எழுதறவங்க இன்னா படிப்பீங்க?” என்றார் நைனார்பாளையத்துக்காரர்.

“நாவல் நெறைய படிப்பேன். ஆனா ரொம்பப் புடிச்சது எங்க சர்ச்சு ஓலை நோட்டுதாங்க.”

“அது இன்னா நோட்டு?”

“கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு பொண்ணு மாப்பிள்ளை பேரை வாசிச்சு, யாருக்காவது ஆட்சேபனை இருக்கான்னு கேப்பாங்க. எல்லாத்தையும் அதுல எழுதி வெப்பாங்க. பழசையெல்லாம் எடுத்துப் படிச்சிக்கினே இருப்பேன்.”

“எனக்கு இருக்குதுங்க ஆட்சேபனை. எம்பொண்ணு நாளைக்கு வேற சாதிப் பையனைக் கட்டிக்கப் போறா. நிறுத்தத்தான் போய்க்கினு இருக்கேன்.”

நாவலாசிரியர் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். நைனார்பாளையத்துக்காரரே மறுபடியும் கேட்டார்:

“அந்த நோட்டுல யாராச்சும் வேணாம்னு சொல்லியிருக்காங்களா?”

“ஒரே ஒருத்தர். எங்கம்மா கல்யாணத்துக்கு, அவங்கப்பா. ரெண்டு பக்கம் தள்ளி, கல்யாணம் நடந்ததை எழுதின எடத்துல பாத்தா, சாட்சிக் கையெழுத்தும் அவருதுதான்.”

மரத்தை நகர்த்தினார்கள். பஸ் கிளம்பி, உளுந்தூர்பேட்டையும் தாண்டிவிட்டது.

“எனக்கும் கையெழுத்துப் போட வருங்க,” என்றார் நைனார்பாளையத்துக்காரர்.