தண்ணீர் வந்த திசை

அவையை நடத்தும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஆண்ட்ரூ அவர்களே! அலையோடு மல்லாடி அடுப்பெரிய வைக்கும் பெரியோர்களே! கூடை சுமந்து குடும்பம் காக்கும் தாய்மார்களே! இந்த எண்ணூர்க் குப்பத்துப் பள்ளியின் புவியியல் ஆசிரியை ரோஸ்மேரி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துப்போய்ப் பாடம் நடத்தலாமா, கூடாதா? அதை முடிவு செய்யத்தான் இன்று கூடியிருக்கிறோம். "செத்த வூட்ல போய் செவுத்த அளக்குறாங்களே, இது இன்னா படிப்பு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

வெள்ளம் ஏன் வருகிறது? கனமழையால் என்று எழுதினால் முழு மதிப்பெண்! ஆனால், போன மழையில் தாயைப் பறிகொடுத்த ஆன்சி வகுப்பில் எழுந்து கேட்டாள்: "மிஸ், அந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?"

தேடிப் பார்த்து வரைபடம் போடுவோம் என்றேன். தேடிய தெருவெல்லாம் வெள்ளைச் சுவர்! கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடித்தீர்கள், வெள்ளக் கறையும் மறைந்துபோனது. துக்க வீட்டில் அந்த ஆண்டு சுண்ணாம்பு அடிக்கமாட்டோம் அல்லவா? கால்வாயோரம் இருக்கும் தன் வீட்டுக்கு ஆன்சியே எங்களைக் கூட்டிப்போனாள். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கறை. கடலோரம் போய் விசாரித்தோம். "இங்க கணுக்காலுக்குத்தான்" என்றீர்கள்.

அப்படியென்றால் வந்தது கடலா? கால்வாய் ஐயா, கால்வாய்! நாமோ தண்ணீர் என்றதும் கடலுக்கு முதுகு காட்டி ஓடுகிறவர்கள். சுனாமி பழக்கிய ஓட்டம் அது. ஆன்சியின் தாய் கரோலினும் அப்படித்தான் ஓடினார், கால்வாய்ப் பக்கமாக. அந்த வெள்ளமே அவரை இழுத்துக்கொண்டு போனது.

கறையைத் தடவிக்கொண்டே அவர் கணவர் சிலுவைமுத்து கேட்டார்: "அப்போ கடலாண்ட போயிருந்தா பொழைச்சிருப்பாளா டீச்சர்?" பிள்ளைகளோடு நானும் நின்று அழுதேன்.

"அதான் வோணான்றோம்!" என்று எழுந்து நிற்கிறீர்களா வரதன் அண்ணா? கொஞ்சம் பொறுங்கள், இன்னும் முடியவில்லை.

மறுநாள் சிலுவைமுத்து வகுப்பு வாசலில் வந்து நின்றார். "பசங்க போடுற மேப்புல என் வூட்டயும் போடுங்க டீச்சர். எந்தப் பக்கம் ஓடக் கூடாதுன்னு அல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்" என்றார். ஆன்சி தன் கையாலேயே அந்த வீட்டை வரைந்தாள்.

அந்தப் படத்தில் பாதிக் குப்பம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அடுத்த மழை காத்திருக்குமா? மதிப்பெண் பிள்ளையை மேலே தூக்கிவிடும், மறுக்கவில்லை. மார்பளவுத் தண்ணீரில் தூக்கிவிடுமா? பாடம் தொடரட்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள்!

வரதன் அண்ணா... உங்கள் கைதானா முதலில்? கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. இதோ, அடுத்தடுத்து எல்லாக் கைகளும் உயர்கின்றன!

நாளைக் காலை பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டி அனுப்புங்கள், கால்வாய்க் கரை நெடுக நடக்கவேண்டும். நெஞ்சு கொடுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி, வணக்கம்.