ஜாடியில் கொட்டிய மாவு

— நிறுத்து அண்ணே! ஜாடியில கொட்டாத!

— ஐயோ... ஏன் இப்படிக் கத்துற நீவெஸ்? கை நழுவியிருந்தா மாவு மொத்தமும் போயிருக்கும்.

— மாவு பையிலயே இருக்கட்டும்.

— நம்ம பாரி ஊர்ல எந்த வீட்டுல மாவைப் பையிலயே வச்சிருக்காங்க? வாங்கினதும் ஜாடி, பை குப்பைக்கு...

— என்னென்ன கலந்திருக்குன்னு பையிலதானே எழுதியிருக்கு. சத்தமாப் படி.

— காலையில ரெண்டு தடவை படிச்சாச்சு.

— மூணாவது தடவை படி.

— கோதுமை மாவு. நிலக்கடலை, பருப்பு வகை எதுவும் புழங்காத ஆலையில் அரைத்தது. போதுமா, நீதிபதியம்மா?

— விளையாடாத. கடலை ஒத்துக்காம லியா உடம்புல ஒரு தடிப்பு வந்தாலும் கதை முடிஞ்சுது. இனிமே இந்தப் பக்கமே அனுப்ப மாட்டேன்னு சபீனா சொல்லிட்டா.

— என் முன்னாள் பொண்டாட்டி வேறென்ன சொல்லுவா... ரெண்டு வருஷம் கழிச்சு எம்பொண்ணு நாலு மணிக்கு இந்தப் படி ஏறப்போறா. பேசாம பழத்தை நறுக்கிக் குடுத்துரலாமா?

— அப்பா சுட்ட ரொட்டிதான் வேணுமாம். போன சனிக்கிழமை கடற்கரையில சொன்னா.

— வேற? வேற என்ன சொன்னா?

— முன்பல்லு முளைச்சிடுச்சாம். உனக்குக் காட்டணுமாம்.

— ...நான் பார்த்தப்ப அங்க ஓட்டை. சீட்டி அடிப்பா அதுல.

— எண்ணெய்?

— ஆலிவ். மூடியே திறக்கல.

— பலகை?

— பலகை புதுசு, தட்டு புதுசு, துணி புதுசு. நான் ஒருத்தன்தான் பழசு. மாத்திட்டு வரவா?

— அலர்ஜி வந்தா போடற ஊசி?

— சட்டைப் பையில. ரெண்டு.

— லுப்பீனி ஏதாவது வீட்டுல...

— பீருக்குக் கொறிக்கிற விதையா? வாங்கறதே இல்ல.

— நீயா? கிண்ணம் கிண்ணமா உள்ள தள்ளுவியே!

— விட்டுட்டேன். ரெண்டு வருஷமாச்சு.

— ஏன்?

— பிடிக்கல. அந்தத் தண்ணிய எடு, மாவு பிசையணும்.

— அண்ணே... லுப்பீனி கடலைக்குப் பங்காளி. கடலை ஒத்துக்காதவங்க சிலருக்கு அதுவும் ஒத்துக்காது.

— தண்ணிய எடுன்னேன்.

— அன்னிக்கு... நீ வேலைக்குப் போயிருந்தப்ப... ஜாடியை நிரப்பினது நான்.

— நீவெஸ்...

— குறுக்க பேசாத, அப்புறம் எனக்கு வாய் வராது. ரொட்டி தங்கமா வரும்னான் கடைக்காரன். கடலைன்னு எங்கயாவது எழுதியிருக்கான்னுதான் பார்த்தேன். இல்ல. லுப்பீனி மாவு கலந்ததுன்னு இருந்துச்சு. நாம சின்னதுல இருந்து தின்ன சாமான்... அது என்ன பண்ணும்னு ஜாடியில கொட்டிட்டேன். பையைத் தூக்கிப் போட்டேன்.

— அழாத. மாவுல விழும்.

— மறுநாள் நீ சுட்டே. ரெண்டாவது வாயிலயே அவ உதடு வீங்கி, மூச்சு... நாலு நாள் ஆஸ்பத்திரி. கோர்ட்டுல உன்னை நிக்க வச்சு, அவளைப் பார்க்கவே கூடாதுன்னாங்க. நான் பின் வரிசையில உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்.

— ஏன் அப்ப சொல்லல?

— சொன்னா என்னையும் அவகிட்ட விடமாட்டாங்களேன்னு... சனிக்கிழமை அவளைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறதும் போயிடுமேன்னு பயம். நீ என்னடான்னா, "நான்தான் வாங்கினேன், நான்தான் கவனிக்கல"ன்னு சொல்லிட்டே. எப்பவோ நீயே வாங்கி வச்சு மறந்துட்டதா உனக்குத் தோணியிருக்கும்னு நினைச்சேன்.

— நான் வாங்கினதை நான் மறப்பேனா?

— அப்போ...

— ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் குப்பைக் கூடையைத்தான் கவிழ்த்தேன். பை கிடைச்சுது. கழுவி, மடிச்சு, ஒளிச்சு வச்சிருக்கேன்.

— தெரிஞ்சுமா...? அண்ணே, தெரிஞ்சுமா ரெண்டு வருஷம்...?

— நம்ம ரெண்டு பேரையும் தடுத்துட்டா, சனிக்கிழமை அவளைக் கடலுக்கு யாருடி கூட்டிட்டுப் போவா?